இடதுபக்கக் கண்ணாடி

ஜூலை 4, வியாழன்

இந்த டைரி பஸ் முதலாளி வீட்டில் பொங்கலுக்குக் கொடுத்தது. அட்டையில் எங்கள் வண்டியின் படம், மாலையெல்லாம் போட்டு. ஆறு மாதமாக அலமாரியில் கிடந்தது. "அக்கா, அன்னைக்கு நடந்ததை ஞாபகம் வரவர எழுதி வைங்க, அப்புறம் மறந்துரும்" என்று புது வக்கீல் அமுதவல்லி சொன்னதால் இன்று தூசு தட்டினேன். மறந்துவிடுமாம். மறக்கிற சங்கதியாக இருந்தால் நான் ஏன் வக்கீல் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன்?

முதலில் விவரம். என் வீட்டுக்காரர் சென்னியப்பன், பதினாலு வருஷமாகத் தனியார் பஸ் டிரைவர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் காரைமேடு ஸ்டாப்பில் பாவாயியக்கா எங்கள் வண்டியிலிருந்து இறங்கும்போது வண்டி நகர்ந்துவிட்டது. விழுந்து, பின்சக்கரத்தில் மாட்டி, அங்கேயே போய்விட்டார். கவனமில்லாமல் வண்டி ஓட்டி உயிர்ச்சேதம் என்று இவர் மேல் கேஸ். போன மார்ச்சில் ஒரு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானது. அப்பீல் போட்டிருக்கிறோம். அது முடியும்வரை தண்டனையை ஜில்லா கோர்ட் நிறுத்தி வைத்திருக்கிறது. லைசன்ஸ் கோர்ட்டில் இருக்கிறது. ஆள் என் மாவு மில்லில், ஸ்டூலில் இருக்கிறார்.

அந்த வண்டியில் கண்டக்டர் என் தம்பி லோகு. எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

இன்றைக்கு இவ்வளவு போதும். மல்லி வறுக்க வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

மிளகாய் அரைக்கும் நாள். கண்ணெல்லாம் எரிகிறது. எழுதவில்லை.

ஜூலை 8, திங்கள்

வக்கீல் வீட்டில் போன வாரம் நடந்ததை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுதிவிடுகிறேன்.

அமுதவல்லி சின்ன வயசுதான், ஆனால் புரிகிற மாதிரி பேசுகிறாள். "விசாரணை முடிஞ்ச கேஸுங்க்கா. அப்பீல்ல புதுசா சாட்சி சேர்க்க மாட்டாங்க. கீழ்க்கோர்ட்டுல என்ன பதிவாச்சோ அதை மட்டுந்தான் படிப்பாங்க, அதான் விதி. ஆனா நியாயம் தெரிய இது அவசியம்னு ஜட்ஜுக்குப் பட்டா, விதியத் தளர்த்தி ஒரு சாட்சியக் கூப்புடலாம். அதுக்கு மனு போடலாம். ஆளுதான் வேணும்" என்றாள்.

பிறகு இவரைப் பார்த்து, "ரெண்டு விசில் கேட்டுத்தான் வண்டிய எடுத்தேன்னு எங்கிட்டச் சொல்றீங்க. கண்டக்டரோ நான் விசிலே அடிக்கலைன்னு கோர்ட்டுல சாட்சி சொல்லியிருக்காரு. விசில் கேட்டவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

இவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு விசில்தானுங்க. பக்கத்துல உக்காந்து நானே கேட்டனே!" என்று சொல்லிவிட்டேன். என் வாய் இருக்கிறதே, அது எனக்கு முன்னால் போய் நிற்கும்.

ஆமாம், நானும் அன்று வண்டியில் இருந்தேன். சந்தைக்குப் போகும் நாள். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜினை ஒட்டி, பின்பக்கம் பார்த்து உட்காருகிற நீள சீட்டு. டிரைவர் பெண்டாட்டி என்றால் அதில் இடம் உண்டு. வண்டியில் எல்லாரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், அந்தச் சீட்டில் இருப்பவர்கள் மட்டும் மற்ற எல்லாரையும் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

போலீஸ் என்னைக் கேட்கவில்லை. முதலாளி வைத்துக்கொடுத்த பழைய வக்கீலும் கூப்பிடவில்லை. அவர் சொன்ன யோசனை இதுதான்: "விசில் அடிச்சான்னு சொன்னா ரெண்டு பேரு மேலயும் கேஸ் ஆயிரும். டிரைவரோட நிறுத்திக்கிட்டா ஃபைன் கட்டிட்டு வந்தர்லாம். எத்தன கேஸ் பாத்திருக்கறேன்." முதலாளிக்கும் அதுதான் சரியாகப் பட்டது. எங்களுக்கும் சரியாகத்தான் பட்டது. இந்த லைனில் எல்லா டிரைவரும் அப்படித்தான் ஃபைன் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி லோகு சொன்னான். இவரிடம் கேட்டபோது "ஒண்ணுஞ் சொல்றதுக்கில்லீங்க" என்றார். மாஜிஸ்திரேட்டிடம் மட்டும் ஃபைன்தான் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

"நீங்க சாட்சி சொன்னா உங்க தம்பி மேல கேஸ் திரும்பலாம்க்கா. பொய்ச் சாட்சி சொன்னதுக்கும் சேர்த்து" என்று அமுதவல்லி மறைக்காமல் சொன்னாள். நல்ல பிள்ளை. மறைத்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

லோகுவுக்கு ஆவணி இருபதாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று இணைச்சீர் செய்யப்போகிற அக்கா நான்.

ஜூலை 15, திங்கள்

மனுவில் கையெழுத்துப் போட இன்று டவுனுக்குப் போயிருக்க வேண்டும். மில் பெல்ட் அறுந்துவிட்டது. ஊருக்குள் எல்லார் வீட்டு ராகியும் என் வாசலில் நிற்கும்போது எப்படிப் போவது? இவர் பத்து நிமிஷத்தில் பெல்ட் மாட்டிவிட்டார். அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ரொம்பக் கூட்டமாக இருக்கும்.

ஜூலை 18, வியாழன்

வக்கீல் வீடு வரைக்கும் போனேன். ஆதார் கார்டை எடுக்க மறந்துவிட்டேன். திரும்பி வந்தேன். ஆதார் பையிலேயேதான் இருந்திருக்கிறது, உள் ஜிப்பில். வீட்டுக்கு வந்து பார்த்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

அமுதவல்லியே ஸ்கூட்டரில் மில்லுக்கு வந்துவிட்டாள். மாவுக் கையோடு உட்கார்ந்தேன். அவள் மனுவைப் படித்துக் காட்டினாள். "சம்பவத்தை நேரில் கண்ட ஒரே சாட்சி" என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறாள். கையெழுத்துப் போடும்போது என் பேனா எழுதவில்லை. அவள் பையில் மூன்று பேனா வைத்திருந்தாள்.

ஜூலை 28, ஞாயிறு

லோகு வந்தான். கை நிறையத் துணிப்பை. கல்யாணச் சேலையெல்லாம் எடுத்தாயிற்றாம், எனக்கு இணைச்சீர் சேலையும் அவனே எடுத்திருக்கிறான். இலைப்பச்சை, அரக்கு பார்டர். "நீ பச்சைதான் கட்டுவே. அம்மா இருந்திருந்தாலும் இதான் எடுத்திருப்பா" என்றான். நல்ல சேலை. கடையில் அவனுக்கு யாரும் துணைக்குப் போயிருக்க மாட்டார்கள், அவனே பத்துச் சேலையைப் புரட்டிப் பார்த்து எடுத்திருப்பான்.

சாப்பிட்டு முடித்த பிறகு இவரைப் பார்க்காமல் கேட்டான். "மச்சான், புதுசா ஏதோ மனு போட்டிருக்கறீங்களாமா?"

"வக்கீல் போட்டிருக்குது" என்றார் இவர்.

"அக்கா பேருலயா?"

"உங்கக்கா பேருலதான்."

லோகு மோரை எடுத்துக் குடித்தான். "கோர்ட்டு ஏத்துக்காதுங்க மச்சான். முடிஞ்ச கேஸுல புதுச் சாட்சி ஏத்துக்கமாட்டாங்கன்னு முதலாளி வக்கீல் சொன்னாரு."

"அப்டியா" என்றார். இவர் பேச்சு இவ்வளவுதான்.

அவன் கிளம்பியபோது இவரும் எழுந்து வாசல் வரை வந்தார். இவருக்குப் புதிதாக ஒரு பழக்கம். மில்லுக்கு யார் வந்தாலும், திரும்பிப் போகும்போது படியில் அவர்கள் காலையே பார்க்கிறார். ரெண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் ஸ்டூலுக்குத் திரும்புவார். "என்னங்க, பொம்பளைங்க காலையே பாத்துட்டிருக்கறீங்க?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். சிரிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஆற்றுக்குப் போய் முளைப்பாரி விட்டு, அம்மன் கோவிலுக்கும் போனேன். எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று கும்பிட்டேன். பூசாரி யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். ரெண்டு பேர் பேரும் சொன்னேன். எது நல்லபடி என்று சாமிக்குத் தெரியும், நான் எதற்கு விளக்கிச் சொல்ல வேண்டும்?

ஆகஸ்ட் 9, வெள்ளி

மிளகாய் நாள். நஞ்சப்பண்ணன் வந்தார்.

பாவாயியக்காவின் வீட்டுக்காரர். ரெண்டு வருஷமாக எங்கள் மில்லுக்கு வரவில்லை, மூன்று மைல் தள்ளி வேறு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார். இன்றைக்கு மிளகாய்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். ஸ்டூலில் இருந்த இவர் எழுந்து நின்றார். பிறகு உட்காரவேயில்லை.

"அந்த மில்லு மூடிட்டாங்க, அம்மணி" என்றார். நான் பையை வாங்கினேன். காம்பு கிள்ளாத மிளகாய். பாவாயியக்கா இருந்தவரை காம்பு கிள்ளி, காயவைத்து, கையால் தொட்டால் நொறுங்குகிற மாதிரி கொண்டு வருவார். நானே உட்கார்ந்து காம்பு கிள்ளினேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ அவசரப்பட்டு எறங்கீட்டான்னு கோர்ட்டுல கண்டக்டர் சொன்னாரு. நானும் அங்க உக்காந்து கேட்டேன். எம்மருமக கூட, மாமியாளுக்கு எப்பவும் அவசரந்தானேங்கறா. முப்பது வருசம் எங்கூட இருந்தவ. நான் பத்துத்தடவ கூப்புட்டா ஒருதடவ எந்திரிப்பா. அவ எங்க அவசரப்பட்டா?"

நான் மிளகாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீயும் அன்னைக்கு வண்டியில இருந்தியாமா. நெசமா, அம்மணி? எப்பிடி எறங்குனா அவ?"

எழுந்து மில்லைப் போட்டுவிட்டேன். மில் ஓடும்போது எதுவும் பேச முடியாது, எல்லாருக்கும் தெரியும். அரை மணி நேரம் ஓட விட்டேன். ரெண்டு தடவை அரைத்தேன், அவர் ஒரு தடவைதான் கேட்டிருந்தார்.

போகும்போது படியில் நின்றார். இவரும் வாசலில் நின்றார். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நஞ்சப்பண்ணன் ஒரு காலை எடுத்து வைத்தார், அடுத்த காலை எடுத்து வைத்தார், ரோட்டில் இறங்கிப் போனார். அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்ற இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மிளகாய் நெடி, கண்ணைத் திறக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று மனு மேல் வாதம். நாங்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

அரசு வக்கீல் எழுந்து எதிர்த்தார். சாட்சி சொல்ல வருகிறவர் குற்றவாளியின் மனைவி, ரெண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை, தீர்ப்பு வந்த பிறகு திடீரென்று விசில் கேட்டதாகச் சொல்கிறார், இதை அனுமதித்தால் ஒவ்வொரு கேஸிலும் தோற்றவர்கள் வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வருவார்கள், விதி எதற்கு இருக்கிறது என்று கேட்டார். நன்றாகப் பேசினார். நியாயமாகத்தான் பட்டது. அமுதவல்லி எழுந்து கையிலிருந்த பேப்பரை ரெண்டு தடவை புரட்டினாள், பாவம். விதி நியாயத்துக்கு வழிவிட வேண்டும், குறுக்கே நிற்கக்கூடாது என்றாள்.

உத்தரவு அடுத்த வாரம். வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். ரொம்ப நாளாகச் சேமியா கிடந்தது, வண்டு பிடித்துவிடும்.

ஆகஸ்ட் 21, புதன்

மனுவை அனுமதித்துவிட்டார்கள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

அமுதவல்லி போனில் உத்தரவைப் படித்துக் காட்டினாள். அவளுக்கு ஒரே சந்தோஷம், நானும் சந்தோஷமாகத்தான் கேட்டேன். விதிகள் உண்மையைத் தேடுவதற்கான வழியாம், வழியே சுவராகிவிடக்கூடாதாம். அதனால் என்னை விசாரிப்பார்களாம், அரசு வக்கீல் குறுக்கு விசாரணை செய்யலாமாம். செப்டம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை. சம்மன் வரும்.

கல்யாணம் ஐந்தாம் தேதி. கோர்ட் அதற்கு அடுத்த வியாழன்.

பெரிய கோர்ட், ஊரில் யார் கேட்டாலும் கதவைத் திறக்காது என்கிறார்கள். எனக்கென்று திறந்துவிட்டது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சம்மன் வந்தது. நான் மிளகாய்க் கையோடு இருந்ததால் இவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். சாயங்காலம் மில்லைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"துளசி."

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ நாளாயிற்று.

"கோர்ட்டுல ஞாபகமில்லைன்னு சொல்லிப்போடு."

"என்னத்த ஞாபகமில்லைன்னு?"

"எல்லாத்தையும். ரெண்டு வருசமாச்சு, கூட்டம், ஞாபகமில்லீங்கன்னு சொல்லிப்போடு. யாரும் ஒண்ணுஞ் செய்ய முடியாது. நான் ஒரு வருசம் இருந்துட்டு வந்தர்றேன். மாப்ளைக்கு இப்பத்தான் கல்யாணம். அந்தப் புள்ளையுமில்ல கஷ்டப்படும்?"

"உங்குளுக்கு வேற வேலையில்லையா?" என்று கத்தினேன். "அப்புறம் எதுக்கு அப்பீலு? எதுக்கு வக்கீலு? அன்னைக்கே போயிருக்கலாமில்ல?"

"நீதான் அப்பீல் போடோணும்னு நின்னே" என்றார்.

உண்மைதான். நான்தான் நின்றேன். இவர் ஜெயிலுக்குப் போவதை என்னால் பார்க்க முடியாது. தம்பி போவதையும் பார்க்க முடியாது. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இதில் எழுதுகிறேன்.

"விசில் அடிச்சாங்கறது மட்டுமில்ல, துளசி" என்று என்னவோ சொல்ல வந்தார். நான் எழுந்து போய்விட்டேன். அவர் சொல்ல வந்தது எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 5, வியாழன்

கல்யாணம் முடிந்தது.

இவரும் வந்தார். வராமல் இருக்க முடியாது, மச்சான் வராத கல்யாணமா? பந்திக்கூடத்துப் பக்கம் ஒரு தூணோரமாக நின்றார். சொந்தக்காரர்கள் வந்து "என்ன மாப்ளை, கேஸு என்னாச்சு?" என்று கேட்டார்கள். துக்கம் விசாரிக்கிறவர்கள் கூட அப்படி வரிசையாக வரமாட்டார்கள்.

இணைச்சீருக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பச்சைச் சேலை கட்டியிருந்தேன். லோகுவின் பக்கத்தில் நின்றேன். சடங்கு நடத்துகிற அருமைக்காரர், மடித்த கூரைச்சேலையை எடுத்து ஒரு முனையை என் தோளில் போட்டு, மறுமுனையை லோகுவின் கையில் கொடுத்தார். பெண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளை விடமாட்டேன் என்பதற்குத்தான் இந்தச் சீர். கழுத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இந்தச் சேலைதான்.

அவன் தன் முனையைச் சுருட்டி இழுத்துப் பிடித்தான். அந்த இழுப்பு சேலை வழியாக என் தோள் வரைக்கும் வந்தது.

"அக்கா" என்றான் மெதுவாக, முன்னால் பார்த்துக்கொண்டே. மேளச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்டது. "வியாழக்கெழம போவயா?"

"சம்மன் வந்திருக்குது, சாமி."

"போ. போகாம இருக்க முடியாது. ஞாபகமில்லைன்னு சொல்லிரு. மச்சானுக்கு நான் எல்லாம் பாத்துக்கறேன். ஒரு வருசந்தானே. மில்லுக்கு நானே வந்து உக்கார்றேன்."

ரெண்டு ஆம்பளைகளும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பேசி வைத்துக்கொண்டார்களா என்று கூட நினைத்தேன். இல்லை. அவனைக் காப்பாற்ற இவர் சொல்கிறார், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவனும் சொல்கிறான். என்னை யாரும் கேட்கவில்லை.

கேமராக்காரன் "அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்றான். சிரித்தேன். அந்தப் போட்டோவை நான் பார்க்கப்போவதில்லை.

செப்டம்பர் 11, புதன்

ராகி ஏழு பேர், கோதுமை மூன்று பேர், தலைக்குத் தேய்க்கிற அரப்பு ஒருத்தர். அரப்புக்கு மெஷினைக் கழுவ வேண்டியிருந்தது. சேலையை அயர்ன் செய்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

பச்சைச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். வேறு நல்ல சேலை இல்லையா என்றால் இருக்கிறது. லோகுவும் கோர்ட்டுக்கு வருவான் என்று தெரியும். அவன் மேல் கோபத்தில் வரவில்லை என்று அவன் கண்ணுக்குத் தெரியட்டும் என்று கட்டினேன்.

வந்திருந்தான். முகத்தில் கல்யாணக் களை. வாசல் பக்கம் நின்றான். நஞ்சப்பண்ணன் ரெண்டாவது பெஞ்சில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு.

கூண்டில் ஏறினேன். ரெண்டு படி. சத்தியம் செய்தேன். அமுதவல்லி கேட்டாள்.

"அன்னைக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?"

இதுதான் இடம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜட்ஜ் எழுதிக்கொள்வார், நான் இறங்கி வீட்டுக்குப் போய் ராகி அரைக்கலாம். வாயில் வந்து நின்றது. அப்போது நஞ்சப்பண்ணன் பெஞ்சில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. நான் சொல்லப்போவது கேட்காமல் போய்விடும் என்று அவருக்குப் பயம்.

"இருக்குதுங்க" என்றேன், சத்தமாக.

"என்ன கேட்டீங்க?"

"ரெண்டு விசில். விட்டு விட்டு."

"யார் அடிச்சது?"

"கண்டக்டருங்க. லோகநாதன். என்ற தம்பி."

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். நான் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

"அவர் எங்க நின்னாரு?"

"நடுவுலீங்க. தலயக் குனிஞ்சு டிக்கெட் மெஷின அமுக்கிட்டு, விசில வாயில வெச்சிருந்தாப்ல. அடிச்சாப்ல. படியப் பாக்கல."

"எறங்கின அம்மா?"

"ஒரு கால் கீழ வெச்சுட்டாங்க. ஒரு கால் படியில இருந்துச்சு. கையில தூக்குப்போசி, அத மறு கைக்கு மாத்திட்டு, கம்பியப் புடிச்சுட்டு எறங்குனாங்க. அவசரப்படலீங்க. நிதானமாத்தான் எறங்குனாங்க. அவிய மேல ஒரு தப்புமில்ல."

நஞ்சப்பண்ணன் கையைக் காதிலிருந்து எடுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அமுதவல்லி உட்கார்ந்தாள். அரசு வக்கீல் எழுந்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார், "ஃபைனோட போயிரும்னு சொன்னாங்க, நம்பீட்டோம்" என்றேன். வீட்டுக்காரரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறீர்களா என்றார். "பொய் சொல்றதா இருந்தா தம்பியயுஞ் சேர்த்துக் காப்பாத்தியிருப்பனுங்க" என்றேன். பிறகு ஃபைலை மூடிவிட்டு, போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"உங்க கணவருக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. விசில் கேட்டு வண்டிய எடுக்கறப்போ, எறங்கறவங்களப் பாக்க இடதுபக்கக் கண்ணாடி இருக்குமில்ல? அதைப் பாத்தாரா?"

அமுதவல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவளிடம் நான் சொல்லவேயில்லை. ஜூலையிலிருந்து இந்த டைரியில்கூட எழுதவில்லை.

அன்று பாவாயியக்கா கால் படியில் இருக்கும்போதே விசில் கேட்டது. "ஏனுங்க, இருங்க!" என்று கத்திக்கொண்டே இவர் பக்கம் திரும்பினேன். அப்போது பார்த்தேன். பின்னால் இன்னொரு வண்டி வந்துகொண்டிருந்தது. முந்திப் போய்விட்டால் அடுத்த ஸ்டாப் கூட்டமெல்லாம் அவனுக்குப் போய்விடும். எல்லா டிரைவருக்கும் பின்னால் வருகிறவனைக் காட்டுகிற கண்ணாடிதான் கண்ணாடி.

"பாத்தாரா, இல்லையா?"

கூண்டில் இருப்பது நான், ஆனால் பூட்டு மட்டும் மூன்று பேருக்கும் சேர்த்துப் போட்டிருந்தது. பாதி உண்மை சொல்லத்தான் எனக்கு மனசு இருந்தது. அந்தப் பாதிக்காகத்தான் விதியைத் தளர்த்திக் கூப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இவரைப் பார்த்தேன். லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்று ஆட்டவில்லை.

"வலதுபக்கக் கண்ணாடியப் பாத்துட்டு இருந்தாருங்க. பின்னால வந்த வண்டிய. இடதுபக்கம் பாக்கலீங்க."

ஜட்ஜ் குனிந்து எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது லோகு இல்லை. வராந்தாவில் தேடினேன், வாசலில் தேடினேன். போய்விட்டான். பச்சைச் சேலையைப் பார்த்தானா என்று தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது இவர் சொன்னார். "பாக்கலைன்னு சொல்லீட்டயே."

"பாக்கலையே" என்றேன்.

"பாக்கலதான்" என்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

செப்டம்பர் 16, திங்கள்

லோகு போனை எடுக்கவில்லை. அந்தப் பெண் எடுத்து, "அவரு இல்லீங்க" என்றாள். என்னை அண்ணி என்று கூப்பிடவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

மிளகாய் நாள். நஞ்சப்பண்ணன் வந்தார். காம்பு கிள்ளிக் கொண்டுவந்திருந்தார்.

செப்டம்பர் 26, வியாழன்

தீர்ப்பு. நின்றுகொண்டே கேட்டோம்.

விசில் அடித்தது உண்மை, அந்த அம்மா மேல் தவறில்லை, கண்டக்டர் மேல் போலீஸ் விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டும். விசில் கேட்டாலும் படியைப் பார்ப்பது டிரைவரின் கடமை, அதனால் குற்றம் குற்றந்தான். ஆனால் தவறு இவருடையது மட்டும் இல்லை என்பதால் ஒரு வருஷத் தண்டனை மூன்று மாதமாகக் குறைகிறது. திங்கட்கிழமை கீழ்க்கோர்ட்டில் போய் ஆஜராக வேண்டும்.

"ஹைகோர்ட் போலாம்க்கா" என்றாள் அமுதவல்லி.

"வேண்டாம் சாமி, போதும்" என்றார் இவர். முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பேசினார்.

ரெண்டு பேரையும் காப்பாற்றப் பார்த்தேன், ரெண்டு பேரையும் நானே அனுப்பி வைத்தேன். அழுகை வரவில்லை. டீ குடித்தோம்.

ஊருக்கு வரும் பஸ்ஸில் ஏறினோம். இவர் இந்த லைனில் பஸ் ஏறி ரெண்டு வருஷமாகிறது. இதுவரைக்கும் வாய்க்கால் ரோட்டில் சுற்றி சைக்கிளில்தான் போவார், அல்லது கோர்ட்டுக்கு வேறு வழி பஸ். இன்று இதில் ஏறி, முன்பக்கப் படிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம்.

காரைமேட்டில் வண்டி நின்றது. முன்படியில் நாலைந்து பேர் இறங்கினார்கள். கடைசியாக ஒரு வயசான அம்மா, கையில் கட்டைப்பை. கண்டக்டர் நடுவில் நின்று சில்லறையைப் பொறுக்கிக்கொண்டே விசிலை வாயில் வைத்தான். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

இவர் எழுந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, குனிந்து படியைப் பார்த்தார். இன்னொரு கையைக் கண்டக்டருக்கு முன்னால் நீட்டினார்.

"இரு சாமி. இன்னொரு கால் மேலதான் இருக்குது."

டிரைவர் திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்த வண்டி எங்களைத் தாண்டிப் போனது. அந்த அம்மா பையை மறு கைக்கு மாற்றினார், கம்பியைப் பிடித்தார், இறங்கினார், ரோட்டோரம் போய்ச் சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

இவர் அதுவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப அடி" என்றார்.

ரெண்டு விசில். வண்டி கிளம்பியது. இவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ்ஸில் அத்தனை பேர் இருக்கும்போது நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.